வாழைக்கு ஊற்றிய ஒயின்

என் வயிற்றில் பிறந்தும் பெரியப்பா பக்கம் பேசக் கற்றுக்கொண்ட மகனுக்கு,

பூனாவிலிருந்து நீ எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் அப்பா கையில் கொடுக்காமல் நானே இரண்டு முறை படித்தேன். கல்யாண வேலைகளைப் பற்றியெல்லாம் ஒழுங்காக எழுதிவிட்டு, கடைசியில் நாலு வரி சேர்த்திருக்கிறாய். பெரியப்பா உனக்கு ஃபோன் செய்தாராம். மாதா கோயிலில் தாலி கட்டி வீட்டுக்கு வந்து, பந்தலில் கேக் வெட்டும்போது, ஒயினைத் தூக்கிப் பிடித்து டோஸ்ட் சொல்வது குடும்பத்துக்கு மூத்தவர் என்ற முறையில் அவர்தானாம். அந்த ஒயினையும் அவரே கொண்டுவருகிறாராம். 'பழசையெல்லாம் விட்டுவிடுங்கள் அம்மா, ஒரு கிளாஸ் ஒயினில் என்ன இருக்கிறது' என்று கேட்டிருக்கிறாய். என்ன இருக்கிறது என்று சொல்கிறேன் கண்ணு. டீயைக் குடித்து முடித்துவிட்டு உட்கார்ந்து படி. படித்துவிட்டு உனக்கு மனைவியாக வரப்போகிறவளுக்கும் படித்துக் காட்டு, அவள் இந்த வீட்டுக்கு வருமுன் மாமியார் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொண்டு வருவது நல்லது.

எட்டு வருடத்துக்கு முன் உன் அக்கா கல்யாணம். நீ ஹாஸ்டலிலிருந்து அன்று காலையில்தான் வந்தாய், வந்ததும் பிரியாணி அண்டாவுக்குக் காவல் நிற்கப் போய்விட்டாய், அதனால் நடந்ததை நீ கண்ணால் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் நம் கோயில் பங்கில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் கேக்கும் ஒயினும் என் கையால்தான். பன்னீர் திராட்சையை வாங்கிக் கழுவி உலர்த்தி, சர்க்கரையும் கோதுமையும் போட்டுப் பீங்கான் ஜாடியில் கட்டி வைத்து, இருபத்தொன்றாம் நாள் வடிகட்டுவேன். பெண் பார்த்து முடித்ததும் சாமியாருக்குச் சொல்வார்கள், அடுத்தது எனக்குச் சொல்வார்கள். அப்படி ஊருக்கெல்லாம் ஊற்றியவள் சொந்த மகள் கல்யாணத்துக்கு இரண்டு ஜாடி போட்டிருந்தேன். சாமியார் ஜெபம் சொல்லி முடித்தார், எல்லார் கையிலும் சின்னக் கிளாஸ் வந்துவிட்டது. உன் பெரியப்பா முதல் வாய் குடித்தார். முகத்தைச் சுளித்து, குடித்ததைக் கிளாஸிலேயே திருப்பித் துப்பினார். துப்பிவிட்டு மைக்கில் கேட்டார்.

"ஏனம்மணி, இது கல்யாணத்துக்குப் போட்டதா, ஊறுகாய்க்குப் போட்டதா?"

மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். நம் வீட்டார் அதைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள். அவர் அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சிரித்துத் தொலைத்திருப்பேன். டிரைவரைக் கூப்பிட்டு இரண்டு ஜாடியையும் தூக்கச் சொன்னார். எல்லாரும் பார்க்கப் பந்தலுக்கு நடுவே நடந்து, நம் கொல்லையில் பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் வாழைக் குத்தில் கவிழ்க்கச் சொன்னார். "வாழையாச்சும் குடிச்சுட்டுப் போவுது" என்றார். பிறகு காரிலிருந்து ஒரு பெட்டி இறங்கியது. பிரெஞ்சு ஒயினாம். திருப்பூரில் அவருடைய கம்பெனியில் பனியன் வாங்கும் வெள்ளைக்காரன் கொடுத்ததாம். பாட்டில் கழுத்தில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக்கொண்டு தானே ஒவ்வொருவருக்கும் ஊற்றினார். என் பக்கம் வந்தபோது கிளாஸில் ஊற்றிக்கொண்டே, "இனிமே இந்த வேலையெல்லாம் உனக்கு எதுக்கு? கேக்கோட நிறுத்திக்க" என்றார். "சரிங்க மாமா" என்றேன். சரிங்க மாமா என்று சொன்ன இந்த வாயை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அதற்குப் பிறகு ஒருவர்கூட என்னிடம் ஒயின் கேட்டு வரவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கேக் ஆர்டரும் பாதியாகக் குறைந்தது. கோயில் வாசலில் என்னைப் பார்த்தால், "ஊறுகாய் எப்படி இருக்குதுங்க அக்கா?" என்று கேட்கிறவர்கள் இரண்டு வருடம் கேட்டார்கள்.

உன் அப்பாவிடம் அழுதேன். அவர் என்ன சொல்வார் என்று உனக்குத் தெரியும். "உடு புள்ள, அண்ணன்தானே" என்றார். அண்ணன்தான். தம்பி பெண்டாட்டியை ஊர் முன்னால் நிறுத்தி மூக்கறுத்த அண்ணன். நான் விடவில்லை. அந்த வாழை குலை தள்ளி முற்றியபோது முதல் தாரை அறுத்து பஸ்ஸில் திருப்பூருக்குக் கொடுத்தனுப்பினேன். அன்றிலிருந்து அந்தக் குத்தில் விளையும் ஒவ்வொரு தாரும் அவர் வீட்டுக்குத்தான் போகிறது. "உங்க வூட்டு வாழப்பழம் மாதிரி எங்கயும் கெடைக்கறதில்ல" என்று உன் பெரியம்மா மாய்ந்து மாய்ந்து சொல்வாள். எட்டு வருடமாக அவர் கவிழ்த்ததை அவரே தின்றுகொண்டிருக்கிறார். நான் ஒரு பழம்கூட வாயில் வைத்ததில்லை. இது சின்னப் புத்தி என்று நீ நினைப்பாய். ஆமாம், சின்னப் புத்திதான். பெரிதாகச் செய்ய அப்போது எனக்கு வழி தெரியவில்லை.

வழி உன் அப்பா மூலமாகவே வந்தது. உன் அக்கா கல்யாணத்துக்கு அடுத்த வருடம், சிங்காநல்லூர் பட்டறையில் செய்த நூற்பு மெஷின்களைப் பூட்டிக் கொடுக்க அவரைப் பல்கேரியாவுக்கு அனுப்பினார்கள். அந்த நாடு எங்கே இருக்கிறது என்று உன் பள்ளிக்கூட அட்லாஸில் தேடிப் பார்த்தோம். ஆறு மாதம் கழித்து வந்தவர் பெட்டியில் வேட்டிக்குள் சுற்றிய இரண்டு பாட்டில் சிவப்பு ஒயின் இருந்தது. "அங்க சோடாவுக்கு ஆகற காசுல ஒயினு கெடைக்குது புள்ள, எல்லார் ஊட்டுலயும் சாப்பாட்டோட வெக்கறாங்க" என்றார். திறக்கத் தெரியவில்லை. மர ஸ்குரூவைத் திருகி, பிளையரால் பிடித்து இழுத்தார். கார்க் உடைந்து பாதி உள்ளே போய்விட்டது. டீ வடிகட்டியில் வடித்துக் குடித்தோம். முதல் வாய் எனக்குக் கசந்தது, துவர்த்தது. சர்க்கரை போட்ட ஒயினில் பழகிய நாக்கு அல்லவா? துப்பப் போனேன். துப்பினால் நானும் அந்த மனிதரும் ஒன்றாகிவிடுவோமே என்று விழுங்கினேன். மத்தியானம் ஆட்டுக்கறி வறுவலோடு இன்னொரு வாய் குடித்தேன். அப்போது வேறு சரக்காக இருந்தது. நாவல் பழம், மிளகு, மழைக்கு முந்திய மண், எல்லாம் இருந்தது. ஒரு வாய்க் கறி, ஒரு வாய் ஒயின் என்று உன் அப்பாவுக்கு வைக்காமல் முக்கால் பாட்டில் நானே காலி செய்தேன்.

அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. பிரான்சுக்கு யாரும் சிங்காநல்லூர் ஃபிட்டரை அனுப்பமாட்டார்கள். அங்கே அவர்களுக்கே மெஷின் இருக்கிறது. நம் ஆட்கள் போவதெல்லாம் பல்கேரியா, ருமேனியா, ஜார்ஜியா, மோல்டோவா என்று நாம் பேர்கூடக் கேட்டிராத ஊர்கள். அந்த ஊர்களில் எல்லாம் திராட்சை விளைகிறது. உன் பெரியப்பா வாங்கும் ஒரு பிரெஞ்சு பாட்டிலின் காசுக்கு அங்கே நாலைந்து வாங்கலாம் என்றார் உன் அப்பா. ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டேன். "வாங்கிட்டிருந்த ரஷ்யாக்காரனும் இப்ப வாங்கறதில்ல, பேர் சொல்லி விக்கறதுக்கு இவுங்களுக்குத் தெரியல" என்றார். எனக்கு அது போதும். அதற்குப் பிறகு பட்டறையிலிருந்து எந்த ஃபிட்டர் விமானம் ஏறினாலும் முந்தின ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் அவனுக்குக் கறிச்சோறு. சாப்பிட்டுக் கை கழுவும்போது, "வரும்போது ரெண்டு பாட்டில், அதிலும் அந்த ஊருக்காரங்க தங்க ஊட்டுல குடிக்கறது எதுவோ அது" என்று சொல்லி அனுப்புவேன். ஏர்போர்ட்டில் ஆளுக்கு இரண்டு விடுவார்கள். யாரும் இல்லையென்று சொன்னதில்லை.

ரஷீத் பாய் மட்டும், "அதை மட்டும் என்னைக் கேக்காதீங்க அக்கா" என்றார். அவர் உஸ்பெக் நாட்டு மில்லில் இரண்டு வருடம் வேலை பார்த்து ரஷ்ய எழுத்துப் படிக்கக் கற்றவர். பாட்டிலைத் தொடமாட்டார், நான் தூக்கிப் பிடித்தால் தள்ளி நின்று லேபிளைப் படித்துச் சொல்வார். இனிப்பா, பாதி இனிப்பா, எந்த வருடம், எந்த மாவட்டம். கேக் ஆர்டர் நோட்டின் பின்பக்கத்தில் நான் எழுதிக்கொள்வேன், குடித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே ருசியையும் எழுதுவேன். ருமேனியா வெள்ளை, குளிர்ந்திருந்தால் மீனுக்குப் பரவாயில்லை. ஜார்ஜியா சிவப்பு, கொஞ்சம் இனிப்பு, கோழி வறுவலுக்கு அடித்துக்கொள்ள ஆளில்லை. எல்லாம் நல்லதாக வந்தது என்று நினைக்காதே. ஒருத்தன் மெட்ராஸிலிருந்து வரும்போது உடையாமல் இருக்கட்டும் என்று பஸ் பானெட்டின் மேலேயே வைத்துக் கொண்டுவந்தான். எஞ்சின் சூட்டில் ராத்திரி முழுக்க வெந்து, திறந்தால் புளி ரசம். நானும் ஒரு நல்ல பாட்டிலை அரிசி டிரம்முக்கு மேல் நிற்கவைத்து, கார்க் காய்ந்து காற்றுப் புகுந்து கெடுத்தேன். இப்போது எல்லாவற்றையும் வடக்கு அறைக் கட்டிலுக்கு அடியில், ஈரச் சாக்குக்கு நடுவே படுக்கவைத்திருக்கிறேன். உனக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் பெரிய படிப்பு இல்லை கண்ணு. வாங்குகிற பொருளின் ஊர்ப்பேருக்குக் காசு கொடுக்காதே, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அதற்குக் கொடு. இது ஒன்றுதான் நான் கற்றது, அதுவும் கோபத்தில் கற்றது.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸ் நினைவிருக்கிறதா? உனக்கு லீவு கிடைக்கவில்லை. பெரியப்பா வழக்கம்போல் துண்டு சுற்றிய பாட்டிலோடு வந்தார். நான் பக்கத்தில் மோல்டோவா சிவப்பை ஒரு கண்ணாடி ஜக்கில் ஊற்றி, ஒன்றும் சொல்லாமல் வைத்தேன். அது பாதி இனிப்பு, முந்திரிக் கேக்கோடு குடித்தால் இன்னொரு துண்டு கேட்கத் தோன்றும். வந்தவர்கள் அவர் மனசு கோணாமல் இருக்க அவர் பாட்டிலில் ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டு, ஜக்குக்குத் தாவினார்கள். உன் பெரியம்மா, அவருடைய சொந்தப் பெண்டாட்டி, அவர் கண்ணுக்கு முன்னாலேயே பிரெஞ்சு ஒயினில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஜக்கு காலியானதும் கேட்டார்.

"இது எந்த ஊரு?"

"மோல்டோவாங்க மாமா."

"அப்பிடி ஒரு நாடே கெடையாது" என்றார். ஒரு சொட்டு நாக்கில் வைக்காமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அன்றைக்கு எல்லாரும் போன பிறகு அவர் விட்டுப்போன பிரெஞ்சு பாட்டிலை நான் தனியாக உட்கார்ந்து குடித்துப் பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன், நன்றாகத்தான் இருந்தது. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

பொய் சொல்லமாட்டேன் என்றேன் அல்லவா, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. உன் அக்கா கல்யாணத்தன்று என் ஒயின் கெட்டுத்தான் போயிருந்தது. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் லீவைக் குறைத்துவிட்டார்கள் என்று கல்யாணத்தை ஒரு வாரம் முன்னே தள்ளினோம். பதினாலாம் நாளே ஜாடியைத் திறந்தேன். அவசரத்தில் ஈரக் கரண்டியை விட்டுக் கலக்கி, சீக்கிரம் ஆகட்டும் என்று அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். முந்தின நாள் ருசி பார்த்தபோதே நாக்கில் புளிப்பு சுரீர் என்றது. சர்க்கரையைக் காய்ச்சி ஊற்றினால் மறைந்துவிடும் என்று நினைத்தேன். என் கை ஒயினை யார் குறை சொல்லப்போகிறார்கள் என்ற திமிர். தெரிந்தேதான் அத்தனை பேருக்கும் ஊற்றினேன். ஆக, அவர் சொன்னது உண்மை. அதனால்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை கண்ணு. அவர் பொய் சொல்லியிருந்தால் என்றைக்கோ காறித் துப்பிவிட்டு மறந்திருப்பேன். பக்கத்தில் வந்து, "அம்மணி, கெட்டுப்போச்சு, உள்ள எடுத்து வெச்சுப்போடு" என்று என் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானே கொண்டுபோய் வாழைக்கு ஊற்றிவிட்டு அவர் காலைத் தொட்டிருப்பேன். அவருக்கு மைக் வேண்டியிருந்தது.

நீயும் உன் அப்பாவும் சொல்வதுபோல் இதைப் பழசு என்று நானும் மூடி வைத்திருப்பேனோ என்னவோ. அவர் விடவில்லையே. காங்கேயத்தில் பெண் பார்த்திருக்கிறோம், அவள் அப்பா கொப்பரைக் களத்தில் மேஸ்திரி என்று சொல்லப் போனேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "காங்கேயமா? மாடு வாங்கத்தானே அங்க போவாங்க." உன்னிடம் இதை நான் சொல்லவில்லை, சொன்னால் நீ சண்டைக்குப் போவாய் என்று. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் நீ அவருக்காக எனக்குக் கடிதம் எழுதுகிறாய். மோல்டோவா என்று ஒரு நாடே கிடையாது, காங்கேயத்தில் மாட்டைத் தவிர மனிதர்களே கிடையாது, இதுதான் அவருடைய அட்லாஸ். அந்த வாய்தான் உனக்கும் அவளுக்கும் வாழ்த்துச் சொல்லப்போகிறது.

போன மாதம் அவள் புடவை எடுக்க வந்தபோது வீட்டுக்குக் கூப்பிட்டு மூன்று கிளாஸ் வைத்தேன். பயந்துகொண்டே ஒவ்வொன்றிலும் உதட்டை நனைத்தாள். பல்கேரியாவைக் குடித்துவிட்டு, "கொப்பரை காயற களத்துல மழை பேஞ்சா ஒரு வாசம் வருமுங்க அத்தை, அது இருக்குதுங்க" என்றாள். என் நோட்டில் ஆறு வருடமாக நான் எழுதத் தெரியாமல் விட்டிருந்த இடம் அது. மோல்டோவாவைக் குடித்துவிட்டுக் கிளாஸை நீட்டி, "இன்னும் கொஞ்சம் கெடைக்குமுங்களா?" என்று கேட்டாள். கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். உங்கள் கல்யாணத்துக்கு எந்த ஒயின் என்று அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. கட்டிலுக்கு அடியில் மோல்டோவா இருபத்திரண்டு பாட்டில் சேர்ந்திருக்கிறது. இந்த வருடம் போய் வந்த ஒவ்வொரு ஃபிட்டரும் மறக்காமல் கொண்டுவந்து கொடுத்தது. சின்னக் கிளாஸுக்கு இருநூறு பேருக்குத் தாராளமாக வரும்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில் இதுதான். பெரியப்பா டோஸ்ட் சொல்லட்டும், எனக்குச் சம்மதம். பெட்டியும் கொண்டுவரட்டும், சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்கிறேன். வாங்கி உள்ளே வைத்துப் பூட்டுவேன். ஊற்றுவது நான். தட்டில் நிரம்பிய கிளாஸ்கள்தான் பந்தலுக்கு வரும், அதைத் தன் பிரெஞ்சு என்று நினைத்துத்தான் எடுப்பார். எடுத்து வெளிச்சத்தில் காட்டுவார், மூக்கில் வைத்து உறிஞ்சுவார், அவருக்குத் தெரிந்த இரண்டு பிரெஞ்சு வார்த்தைகளை மைக்கில் சொல்வார், குடிப்பார். துப்பினால் நான் தோற்றேன். மைக்கை அவர் கையிலேயே விட்டுவிட்டு, இனி கேக்கோடு நிறுத்திக்கொள்வேன், இந்தப் பேச்சை என் வாயிலிருந்து நீ கேட்கவேமாட்டாய். அந்தப் பயம் எனக்கு இருக்கிறது, நேற்று தூக்கத்தில்கூட அவர் துப்புவதைத்தான் பார்த்தேன். ஆனால் எட்டு வருடம் என் நாக்கை நான் சும்மா தீட்டவில்லை. அவர் ஆஹா என்று சொன்னதும் அவருடைய பெட்டியை சீல் உடையாமல் டிரைவர் தலையில் ஏற்றி, பந்தலுக்கு நடுவேதான் நடத்திக் காருக்கு அனுப்புவேன். அப்போது நாட்டின் பெயரைச் சொல்வேன். மைக் வேண்டாம், எனக்குத் தொண்டை இருக்கிறது.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வாயை மூடிக்கொண்டிரு. பெரியப்பாவுக்கு முன்கூட்டிச் சொல்லி அவர் மானத்தைக் காப்பாற்றலாம் என்று நினைத்தால், காங்கேயத்துப் பேச்சை ஒரு முறை நினைத்துக்கொள். வரும்போது பூனாவில் நல்லதாக ஒரு கார்க் திருகி வாங்கி வா, உன் அப்பா பட்டறையில் செய்தது வளைந்துவிட்டது. இருபத்திரண்டில் ஒரு பாட்டிலை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அதை யாருக்கும் ஊற்றப்போவதில்லை. தட்டு பந்தலுக்குப் போகும் அதே நேரம் நான் கொல்லைக்குப் போய் அதைத் திறப்பேன். நல்ல ஒயின், மனசு வலிக்கும், ஆனாலும் செய்வேன். ஏனென்றால் பெட்டி காருக்குக் கிளம்புமுன்பே அவர் கிளாஸைக் காலி செய்துவிட்டு இன்னும் கொஞ்சம் என்று என்னிடம் நீட்டுவார், நிச்சயம் நீட்டுவார். அப்போது நான் பொய் சொல்லக் கூடாது. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, மரியாதையாகச் சொல்வேன்:

"தீந்துபோச்சுங்க மாமா. மிச்சத்த வாழைக்கு ஊத்திப்போட்டேனுங்க."

அம்மா